எர்த்து

கூலிக்குப் பதிலாக வந்த வண்டி இது.
எட்டு மாதப் பாக்கி. பட்டறையை மூடிய அன்று
முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
மூலையைக் காட்டினார்:
சாக்குப் போர்த்திய ஒரு யெஸ்டி.
சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது.
"வித்தா காசுதான்" என்றார்.
விற்கவில்லை.

இன்று அதன் எலும்புகள்
கொண்டலாம்பட்டியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கின.
பிரேம், ஸ்விங் ஆர்ம், ரெண்டு ஸ்டாண்டு, பேட்டரிப் பெட்டி,
எல்லாம் பழைய செய்தித்தாள் சட்டையில்.
அவிழ்த்தால் கறுப்பு.
அதில் என் முகம் தெரிந்தது,
கொஞ்சம் நீளமாக.

பதினாறு வருஷம் பொடி வைத்து ஊதியே பிழைத்தவள் நான்,
வெள்ளிக் கொலுசில், கண்ணி கண்ணியாக.
ஜாகிர் எப்படி ஊதுகிறான் என்று பார்க்கப் போயிருந்தேன்.
அவன் பொடி துப்பாக்கியிலிருந்து புகையாய்க் கிளம்பி
கம்பியின் முதுகுப் பக்கமும் சுற்றிப் போய் ஒட்டியது.
"கரண்டு இழுக்குதுக்கா" என்றான்.
அப்புறம் அடுப்பு.
பற்றவைத்த எனக்கு வெந்ததன் வாசனை தெரியும்.
சேஸ் நம்பர் மேல் டேப்பு ஒட்டச் சொன்னேன்,
ஆர்.டி.ஓ.வில் பென்சில் தேய்த்துக் கேட்பார்கள் என்று.
ஒட்டியிருந்தான். நல்ல பையன்.

மாடிப்படிக்குக் கீழே விரித்த கோணியில்
முதல் போல்ட்டு மூன்று சுற்றில் நின்றது.
மரைக்குள்ளும் வெந்திருந்தது அழகு.
ஒவ்வொரு துளைக்கும் டேப்பு போட்டுச் சுற்றினேன்,
அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே.
கறுப்பு மிளகுத்தூளாய் உதிர்ந்தது.
ஸ்டீரிங் கிண்ணத்தில் கிரீஸ் அப்பி
குண்டுகளை ஒவ்வொன்றாய்ப் பதித்தேன்.
கொலுசு முத்தைவிடப் பெரிது, அவ்வளவுதான்.
ஒன்று உருண்டு சாக்கடைப் பக்கம் ஓடியது.
காலால் மறித்தேன்.

சாயங்காலம் ரெஜினா வந்தாள்,
பள்ளப்பட்டியில் மோட்டார் காயில் சுற்றுகிறவள்,
வயர் எல்லாம் அவள் பாடு.
சிவப்பு, பச்சை, பழுப்பு என்று முணுமுணுத்தபடி
பல்லால் ரப்பரை உரித்தாள்.
பேட்டரி புதுசு. ப்யூஸ் புதுசு. பல்பும் புதுசு.
சாவியைத் திருப்பினேன்.
ஒன்றுமில்லை.
உதைத்தேன். உதைக்கிற கம்பிதான் இதில் கியரும்,
இரண்டு வேலை பார்க்கிற ஒரே கால்.
ஒன்றுமில்லை.
மாடியிலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு
நல்லவேளை, எதுவும் சொல்லாமல் போனார்.

ரெஜினா அரை மணி நேரம் வயரைத் திட்டினாள்.
பிறகு பிரேமைத் தட்டிப் பார்த்து, சிரித்தாள்.
"பாத்திரமாட்டம் பூசி வெச்சிருக்க.
எர்த்து எங்கடி போகும்?"

கரண்டு இழுத்து ஒட்டிய பொடி
கரண்டுக்கே கதவைச் சாத்தியிருந்தது.
சர்க்கார் கேட்கிற இடத்தை மூடச் சொன்னேன்,
மின்சாரம் கேட்கிற இடத்தைச் சொல்ல மறந்தேன்.

எத்தனை ஆயிரம் கொடுத்த கறுப்பு.
உளியை எடுத்துக் கொடுத்துவிட்டு
"நீயே பண்ணு" என்று திரும்பிக்கொண்டாள்.
சுண்டுவிரல் நக அளவு.
முதல் கீறலுக்கு என் பல் கூசியது.
இரண்டாவதுக்கு இல்லை.
அடியில் இரும்பு,
நான் பார்த்தே இராத வெளிர் நிறத்தில்,
வெள்ளி மாதிரி என்று சொல்ல மாட்டேன்.
எனக்கு வெள்ளி தெரியும்.
எர்த்து வயரை அங்கே வைத்து முறுக்கினேன்.

எதிர்ச் சுவரில் மஞ்சளாய் ஒரு வட்டம் விழுந்தது.
அதில் சட்டென்று
ஒரு பல்லி, மாநாட்டு விளம்பரம், எங்கள் இரண்டு தலை.
ரெஜினா கையை ஆட்டி நாய் நிழல் காட்டினாள்.
தூரத்தில் ஏற்காட்டு மலையில்
யாருடைய விளக்கோ ஒரு வளைவில் அணைந்து
மேல் வளைவில் வந்தது.

"நாளைக்கு ஏத்தலாமா?"
"பிரேக்கு மாட்டினப்புறம்."

அவள் கை கழுவப் போனதும்
தீப்பெட்டியைத் திறந்து பார்த்தேன்:
ஒரு வாசர், ஒரு நட்டு
மிச்சம்.
மூடி இடுப்பில் செருகிக்கொண்டேன்.