இருப்புப் பதிவேடு

எங்கள் ஆய்வகத்தில் துப்பாக்கி இல்லை.
வாசல் காவலாளி தோளில் ஒன்று தொங்குகிறது,
அது என் பதிவேட்டில் வராது.
என்னுடையதில் வருபவை:
அட்டைகள், உயிருள்ளவை, முந்நூறு.
கொசுவலை, மருந்தில் நனைத்தது, பதினான்கு மீட்டர்.
ராணுவ பூட்ஸ், இடது கால் மட்டும், ஒன்பது.
வலது கால்கள் எங்கே என்று
நானும் கேட்டதில்லை.

தேஜ்பூர். பிரம்மபுத்திராவின் வடகரை.
மழைக்காலத்தில் தாள்கள் வீங்கும்,
முத்திரை மை ஊறிப் பரவி
அரசாங்கத்தின் சிங்கங்களுக்குத் தாடி முளைக்கும்.

மாலபிகா ஹசாரிகா கிணற்று நீர் கேட்பார்,
எட்டு கிராமங்களிலிருந்து, துரு நிறத்தில்.
நீரை எப்படி இருப்பில் எழுதுவது என்றேன்.
கேனை எழுது, என்றார்.
மணலும் கரியும் அடுக்கிய குழாயில் விட்டு
மறுபக்கம் வந்ததை ஒரு டம்ளர் நீட்டினார்.
குடித்தேன். ருசியே இல்லை.
அவர் முகம் மலர்ந்தது, அதுதான் வெற்றியாம்.

புகான் கொசுக்காரர்.
களிம்பு பூசிய கையைக் கூண்டுக்குள் விட்டு
நிமிடத்துக்கு எத்தனை கடி என்று எண்ணுவார்.
பூசாத கைதான் ஒப்பீடு.
அவருக்குப் பெண் பார்க்கப் போனபோது
அந்த வீட்டார் ஜாதகத்தை விட்டுவிட்டு
முழங்கையையே பார்த்தார்களாம்.

மாடியில் வைக்கோலில் காளான் வளர்க்கிறார்கள்,
பனிமலைக் காவலில் இருக்கும் பையன்களுக்கு.
அதற்குப் பக்கத்து அறையில் யாரோ
நாள் முழுதும் வியர்வையை எடை போடுகிறார்.

தணிக்கைக்கு வந்தார் கர்பந்தா, டெல்லியிலிருந்து.
அட்டைத் தொட்டியைத் திறக்கச் சொன்னார்.
பெற்றது முந்நூறு, இருப்பு பதினொன்று.
"மீதி எங்கே, பசுமதாரி மேடம்?"
செத்துப்போயின சார்.
"அதற்குச் சான்று?"
நான் பதில் சொல்லவில்லை.
அவர் காலுறை விளிம்பில் ஒன்று
நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது.
பதினொன்றை அடித்துப் பன்னிரண்டு என்று திருத்தி
சுருக்கொப்பம் வைத்தேன்.

பிறகு மிளகாய்.
பூத் ஜோலோக்கியா, உலர்ந்தது, அறுபது கிலோ.
விற்பவர்: துலுமணி பசுமதாரி. என் தம்பி.
உறவு என்பதால் மூன்று கொட்டேஷன் வாங்கினேன்.
அவன் விலைதான் குறைவு,
அவன் காரம்தான் கூட.
மூட்டை பிரித்த நாளில் தாழ்வாரம் முழுக்கத் தும்மல்,
பியூன் வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டு தேநீர் கொடுத்தான்.
யானை வேலிக்கு என்று நினைத்துக்கொண்டேன்.
கயிற்றில் மிளகாய் அரைத்துப் பூசினால்
நெல்வயலுக்கு யானை வராது, அந்த ஆராய்ச்சியும் இங்கே நடந்தது.
கோப்பில் 'பயன்' என்ற கட்டம் காலியாக இருந்தது.
காலிக் கட்டங்களை நிரப்புவது என் வேலை இல்லை.

ஆனியில் கரை உடைந்தது.
மூன்று வருடமாக மனு கொடுத்த அதே கரை.
ஊர் திரண்டு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தது.
துலுமணியும் உட்கார்ந்தான்.

இரவு வந்தான். கண் இரண்டும் அத்திப்பழம்.
தயிர் அள்ளி அப்பினேன்,
கை பட்ட இடமெல்லாம் எனக்கும் எரிந்தது.
கத்துவான் என்று காத்திருந்தேன்.
அவனோ கழுத்தில் கிடந்த அரோனாயை மூக்கருகே பிடித்து
மெதுவாக ஒருமுறை முகர்ந்தான்.
"கீழ்வயல்", என்றான்.
"மேல்வயல் காய் இவ்வளவு ஏறாது."

அந்தக் குரலில் ஒரு துளி பெருமையும் இருந்தது.
அன்றிரவு என்னைத் தூங்கவிடாதது
எரிச்சல் இல்லை, அதுதான்.

திங்கட்கிழமை புதிய கோரிக்கை:
மிளகாய், அதே ரகம், எண்பது கிலோ.
மூன்று உறைகள் மேஜையில்.
மூன்றாவதில் தம்பியின் கையெழுத்து,
கிலோவுக்கு நாற்பது ரூபாய் கூட்டியிருந்தான்.
அப்போதும் அவனுடையதே குறைவு.

'பயன்' கட்டத்தின் மேல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
மை ஒரு பொட்டாக இறங்கிப் பரவியது.
புகான் கதவைத் தட்டினார்:
ஆட்டு ரத்தம், ஐநூறு மில்லி, கொசுக்களுக்கு, அவசரம்.
அதை முதலில் எழுதினேன்.