ஒன்றாம் வளைவுக்குக் கீழே

ஆறே முக்கால் பேருந்தில்
எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி ஏறுகிறேன்.
அடிவாரம் தாண்டினால்
பலகையில் ஒன்று,
அப்புறம் இரண்டு,
இருபது முடிவதற்குள்
வயிற்றில் ஒன்றும் மிச்சமிருக்காது.
வாந்திக்குப் பயந்தே மனப்பாடமான எண்கள்.

நாகலூருக்கு மேலே என் பள்ளி.
இரண்டாம் வகுப்பில் பதினோரு பேர்,
விரல்கள் நூற்றுப்பத்து.
எட்டும் ஐந்தும் எவ்வளவு என்றால்
அத்தனையும் மடிக்குள் அசையும்,
கம்பளிப்பூச்சியின் கால்களைப் போல.
விரல் விடாதே என்று
நானும்தான் அதட்டினேன் ஒரு மாதம்.
சம்பளத்தில் பிடித்தம் போக மீதியை
புடவைத் தலைப்புக்குள் விரல் மடக்கி
நான் எண்ணுவது அவர்களுக்குத் தெரியாது.

சாக்பீஸ் நமுத்துப்போன ஒரு மழைநாளில்
சத்துணவு அடுப்பிலிருந்து கரித்துண்டு எடுத்து
தரை முழுக்க வளைத்து வளைத்து ஒரு கோடு இழுத்தேன்.
இது என்ன?
"ஐ, சேலம் ரோடு!"
யாரும் பாம்பு என்று சொல்லவில்லை.

எட்டாவது வளைவில் பஸ் நிற்கிறது,
இன்னும் ஐந்து வளைவு போகணும்.
பவிஷா எட்டின் மேலேயே காலை ஊன்றி
ஒன்று என்றாள்,
ஒன்பதில் இரண்டு,
பன்னிரண்டில் போய் நின்று
வந்தாச்சு என்றாள்.
எட்டைத்தான் ஏற்கெனவே திரும்பியாச்சேடி,
திரும்பின வளைவை
மறுபடி யாராவது திரும்புவாங்களா?
யோசித்தாள்.
அடுத்த தடவை
காலைத் தூக்கி வைத்த பிறகுதான் ஒன்று என்றாள்.
அந்த ஒரு காலடியை விளக்க
பயிற்சி வகுப்பில் எனக்கு
நாற்பது பக்கம் கொடுத்திருந்தார்கள்.

பத்தில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும்,
டிரைவர் எப்படியும் வேகம் குறைப்பார்.
அதனால் எல்லோரும் பத்தில் மூச்சு வாங்கக் கற்றார்கள்.
எட்டிலிருந்து குரங்குக்கு ரெண்டு,
கையில் மிச்சம் மூணு,
பதிமூணு.
அதிலிருந்து ஐந்து இறங்கணுமா,
குரங்குவரைக்கும் மூணு, அப்புறம் ரெண்டு.
இருபதில் பதினேழு போனால்?
"எதுக்கு டீச்சர் அவ்ளோ தூரம் இறங்கணும்?
பதினேழுல நின்னு மேல பாத்தா ஊரு தெரியுது,
மூணுதான்."

மோனிஷ் மட்டும் ரோட்டுக்கே வரவில்லை.
அவன் அம்மாவுக்குப் பெட்டிக்கடை.
ஒன்பதும் ஆறுமா?
பத்துனு வச்சுக்க, பதினாறு,
ஒரு ரூபா திருப்பிக் குடுத்துரு.
ஏன் என்று கேட்டால்
கடன் சொல்ல வந்த ஆளைப் பார்ப்பதுபோல் பார்ப்பான்.

மார்ச்சுக்குள் கரிக்கோடு தேய்ந்துவிட்டது.
இருந்த இடத்திலேயே கண்ணை மூடி
வலம் சாய்ந்து இடம் சாய்ந்து கூட்டினார்கள்.
பார்வையிட வந்த அதிகாரி
பிள்ளைகளுக்குத் தலைசுற்றலா என்றார்.
எனக்குத்தான் சார் என்றேன்.

பிறகொரு நாள்
அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டேன்,
மூன்று கழித்தல் ஐந்து.
அழிக்கப் போனேன்.
சின்னதிலிருந்து பெரியது போகாது,
இது தப்புக் கணக்கு.
பவிஷா கண்ணைத் திறக்கவில்லை.
வலம் சாய்ந்தாள், இடம் சாய்ந்தாள்,
அதற்குமேல் சாயவில்லை,
நேராக உட்கார்ந்திருந்தாள்.
"போகும் டீச்சர்."
எங்கேடி போகும், ஒன்றுக்குக் கீழே பலகையே இல்லையே.
"பலகை இல்லாட்டி என்ன, ரோடு இருக்குல்ல.
அடிவாரம் வந்தாச்சு, கையில இன்னும் ரெண்டு இருக்கு.
கொண்டப்பநாயக்கன்பட்டி ஒண்ணு,
கோரிமேடு ரெண்டு.
அங்கதான் எங்கப்பா சாந்து கலக்குறாரு."

சரி என்று சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.
மணி அடித்தது.
சமக்குறிக்குப் பக்கத்தை வெறுமையாக விட்டு
பஸ் பிடிக்க ஓடினேன்.

அடிவாரத்துக்கு அப்புறம்
வழக்கமாகத் தூங்கிவிடுவேன்.
அன்று ஜன்னலோரம் விழித்திருந்தேன்.
சாரம் கட்டிய ஒரு கட்டடத்தின் முன்னால்
சிமெண்டுக் காலை ஒருவர்
வாளித் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தார்.
அவர்தானா, தெரியாது.
புடவைத் தலைப்புக்குள்
என் விரல் மடங்கியது.
ரெண்டு.