இடது கை

மேட்டூர் திறந்து பதினேழாம் நாள்.
கோரையாற்றங்கரைக் களிமண் ஊறிக் கிடந்தது.
எட்டடித் தாமிரக் கம்பி
ஐந்தடி வரை சுத்தியலே கேட்கவில்லை,
மிச்சத்துக்குத்தான் அடி.
கரி, கல்லுப்பு, இரண்டு குடம் தண்ணீர்.
எர்த் விஷயத்தில் நீடாமங்கலம்
கஞ்சத்தனம் காட்டாது.

மின்சாரம் காட்டும்.
வயலில் மோட்டார் ஓடும்வரை நூற்றெழுபத்தெட்டு.
மும்முனை போன நொடியில்
துள்ளி இருநூற்று ஐம்பதைத் தொடும்.
பிறகு பதினொன்றரை வாக்கில்
இருநூற்று முப்பதில் வந்து உட்காரும்.
அந்த உட்காரலுக்காக நான்கு இரவு
மல்ட்டிமீட்டரோடு விழித்திருந்தேன்.

ஆம்ப்ளிஃபயர் காரைக்காலிலிருந்து பஸ்ஸில் வந்தது,
டிரான்ஸ்ஃபார்மர் தனிச் சாக்கில்.
"நெல்லா?" என்றார் கண்டக்டர்.
தூக்கிப் பார்த்துவிட்டு இரண்டு லக்கேஜ் கிழித்தார்.
மூடியைக் கழற்றினால்
இரண்டு கெப்பாசிட்டர்களுக்குக் குறுக்கே
கருகி விறைத்த பல்லி.
ஈசானியத்தில் சொன்னால் இன்ன பலன்,
தலையில் விழுந்தால் இன்ன பலன்.
இது எங்கே விழுந்தது என்று
பஞ்சாங்கத்தில் தேடவில்லை.
இரண்டாயிரத்து நானூறு வோல்ட்.
பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளிவிட்டேன்.

மீட்டர் பெட்டியிலிருந்து தனி லைன்,
நான்கு ஸ்கொயர் ஒயர், தனி பிரேக்கர்.
ஃபிரிட்ஜ் பிளக்கில் சொருகுவதில்லை என்று
வீட்டில் முன்பே சண்டை போட்டு முடித்தாயிற்று.

குமாரவேலுக்கு ரயில்வே கேட்டில் நைட் டூட்டி.
தனியாகச் செய்யக்கூடாத வேலை.
நாத்தனாரை மெயின் சுவிட்சுக்குக் கீழே
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன்.
"நான் ஒட்டிக்கிட்டா என்னைத் தொடாதே,
கத்தாதே, மேலே தட்டு."
மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தேன்.
வளையல் கழற்றினேன்.
மோதிரம், சோப்பு போட்டு.
பிறகு சங்கிலியைத் தாலியோடு கழற்றி
காலண்டர் ஆணியில் மாட்டினேன்.
மங்கையர்க்கரசி வாயைத் திறந்தாள்.
அவளுக்கு அவன் ஒரே அண்ணன்.
"செத்துப் போகாம இருக்கத்தான்" என்றேன்.
மூடிக்கொண்டாள். பார்வை மட்டும் ஆணியிலேயே.

மூடியின் கடைசித் திருகையும் முடுக்கினேன்.
ஒரு கையைப் பாக்கெட்டில் வை,
மின்சாரத்துக்கு மார்பு வழியே பாதை கொடுக்காதே
என்கிறது விதி.
எழுதியவர் நைட்டி போட்டிருக்க மாட்டார்.
இடது கையை முதுகுக்குப் பின்னால்
கட்டிக்கொண்டேன்.

ஃபிலமென்ட். மூன்று நிமிடம்.
விசிறி இரைந்தது.
வால்வுக்குள் கங்கு போல ஒன்று முழித்தது.
முதலில் ஆன்டெனா வேண்டாம்:
கடலெண்ணெய் டின்னுக்குள்
எண்ணெயில் மூழ்கிய டம்மி லோடு.
பிளேட்டைத் திருப்பு, முள் சரியட்டும்,
லோடைத் திருப்பு, ஏறட்டும்,
கிரிட் சிவப்பைத் தொடக்கூடாது.
தொடவில்லை.
டின் வெதுவெதுத்தது.
எல்லாம் அணைத்து,
தென்னை மரத்து ஒயரை மாட்டி,
மறுபடி ஆரம்பத்திலிருந்து.

நாற்பது மீட்டரில் அழைத்தேன்.
யாராவது, எங்கிருந்தாவது.
இரைச்சல்.
இன்னொரு முறை அழைத்தேன்.

பதில் தெருவிலிருந்து வந்தது.
சவுண்டு சர்வீஸ் பக்கிரிசாமி
நாளைக் காதுகுத்துக்கு
நான்கு ஹாரன் கட்டி
மைக் செட்டை ஓடவிட்டிருந்தான்.
அதில் என் குரல்,
மடை திறந்து விரட்டப்பட்ட
ஐந்நூறு வாத்துகளாக.
நாய்கள் எல்லாம் சேர்ந்துகொண்டன.

சுவிட்சை அணைத்தேன்.
அதற்குள் அவன் வாசலைத் தாண்டி உள்ளே:
"அக்கா, நீங்கதானா?
இந்தப் பொட்டியா?"
நீட்டிய விரலோடு குனிந்தான்.
தொடாதே என்ற என் சத்தத்தில்
மங்கையர்க்கரசி மெயினைத் தட்டிவிட்டாள்.

இருட்டு.
டார்ச் வெளிச்சத்தில் மூவரும்
முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
ஆயிரத்து அறுநூறு.
ஒயரைப் பிடுங்கினாலும்
உள்ளே இருப்பது உடனே போகாது
என்று அவனிடம் சொன்னேன்.
தொள்ளாயிரம். முந்நூறு.
கடைசி ஐம்பதுக்குத்தான் நேரம் பிடித்தது.

நாளைக்கு ஸ்பீக்கர் ஒயருக்கு
ஃபெரைட் வளையம் தருகிறேன்,
காதுகுத்து முடியும்வரை நூறு வாட்டுக்கு மேல்
போகமாட்டேன் என்றேன்.
அவன் என் தோளுக்குப் பின்னால் பார்த்தான்.
"கையில அடியாக்கா?"

இல்லை என்று
முன்னால் எடுத்துக் காட்டினேன்.
மரத்துப் போயிருந்தது.
ஐந்து விரலும் இருந்தன.