ஒரு மணி நேரம்

சீலம்பூரில் நான்காவது சந்து.
கையில் அரசாங்கத்தின் டேப்லெட்,
கழுத்தில் பதினொரு மாத ஒப்பந்த அட்டை.
மாதிரி வீடு எண் ஏழு.
கதவில்லை, திரைச்சீலை.

கடந்த ஏழு நாளில்
ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா?
என் தென்காசி இந்தியில் கேட்கிறேன்.

இல்லையே, வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்
என்கிறார் ஷாயிஸ்தா.
கத்தரி நிற்கவில்லை.
மடியில் ஜீன்ஸ், முதுகுக்குப் பின்னால் ஜீன்ஸ்,
கட்டில் எங்கே இருக்கிறதென்று தெரியாதபடி ஜீன்ஸ்.
பிசிறு வெட்டி வெட்டித்
தரை முழுக்க நீல நூல்,
சனிக்கிழமை சலூன் போல.

இது?

இதுவா, இது நேரம் போக.
உருப்படிக்கு ஒன்றரை ரூபாய்.
பெரியவள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால்
அவளும் உட்காருவாள்.

விதிப்புத்தகம் சொல்கிறது:
ஏழு நாளில் ஏதோ ஒரு நாள்
ஒரு மணி நேரம் உழைத்தவரும்
வேலையில் இருப்பவரே.
தாராள மனசு.
யாரையும் வெளியே நிறுத்தாது.
ஆறு நாள் கூலி முக்கில் நின்றுவிட்டு
ஏழாம் நாள் ஒரு வண்டி செங்கல் இறக்கிய
அவர் கணவர் நௌஷாதையும்
உள்ளே கூப்பிட்டுக்கொள்ளும்.

நௌஷாதுக்குச் சாயப்பட்டறையில் மாதச் சம்பளம் இருந்தது.
ஓர் இரவில் நோட்டு செல்லாமல் போனபோது
முதலாளி பாதிப் பேரை நிறுத்தினார்.
புது வரியின் படிவம் வந்தபோது
மிச்சத்தில் பாதி.
அப்புறம் ஊரடங்கு.
திறந்து பார்த்தால் பட்டறை இருந்த இடத்தில் கோடவுன்,
அட்டைப்பெட்டிகள்,
அவற்றுக்கு நான்கு பேர் போதும்.

மூன்று தடவை அரசாங்கம் எங்கள் வீட்டுக்கு வந்தது,
நாலாவது நீங்கள்,
என்கிறார். சிரிக்கிறார்தான்.
நான் திரையைப் பார்த்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு டிவியில்
வேலையின்மை குறைந்திருக்கிறது, தசமப் புள்ளிகளில்.
அந்தப் புள்ளிக்குள் எங்கோ
போன காலாண்டில் நான் வைத்த ஒரு பொட்டு:
திரிலோக்புரி, குழாய்க்கு எதிர் வீடு,
விழுப்புரத்து அஞ்சலை.
பாத்திரம் தேய்த்த ஐந்து வீட்டில்
மூன்று வீடு நிறுத்திவிட்டது.
தமிழ்ப் பொண்ணா நீ, பார்த்து எழுதும்மா,
எதுனா வருமா? என்று கேட்டாள்.
இருக்கிற இரண்டு வீட்டை எழுதினேன்.
போன மூன்றை எழுதக் கட்டம் இல்லை.

ஷாயிஸ்தாவைச்
'சொந்தத் தொழில்' என்று குறிக்க வேண்டும்.
குறித்தேன்.
கூலி நிர்ணயிப்பவன் காந்திநகரில் இருக்கிறான்,
அவன் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

உங்களுக்கு எவ்வளவு தருவார்கள்?

இரண்டு மாதமாக வரவில்லை.
நாளைக்கு இத்தனை வீடு என்று கணக்கு மட்டும் கேட்பார்கள்.

அப்போ உருப்படிக்கு.

ஆமாம். உருப்படிக்கு.

தரவு ஏறவில்லை, சர்வர் சுற்றிக்கொண்டிருந்தது.
கை சும்மா இருக்க மாட்டாமல்
ஒரு காலை எடுத்தேன், ஜீன்ஸ் காலை.
தையலோரம் தடவினால் நூல் முனை விரலில் குத்தும்,
இழுக்கக் கூடாது, இழுத்தால் தையல் பிரியும்,
அடியோடு வெட்ட வேண்டும்.
ஆறு முடித்தபோது
பச்சை டிக் விழுந்தது: பதிவேற்றப்பட்டது.

எழுந்தபோது ஒன்பது ரூபாய் எண்ணி நீட்டினார்.
ஐயோ, நான் சும்மாதானே செய்தேன்.
எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

துப்பட்டாவெல்லாம் நூலோடு
எட்டாம் எண்ணில் தட்டினேன்.
பதிமூன்று வயதிருக்கும் ஒரு பையன்
கதவைப் பாதி திறந்து,
இங்கே யாரும் வேலை பார்க்கவில்லை என்றான்.
கதவைப் பிடித்திருந்த கை
முழங்கை வரை நீலம்.