லித்தியமும் ஓர் உப்புதான்

செவ்வாய்க்கிழமை வாலிநோக்கம் முகாமுக்கு
அரியநாச்சி வரவில்லை.
அவள் புருஷன் வந்தான், கையில் போனோடு.
"இதப் பாருங்க டாக்டர்" என்று
நான் கேட்காமலே சத்தத்தைக் கூட்டினான்.

பின்னால் மூங்கில், முன்னால் மண்சட்டி,
நடுவில் ஒருவன்.
மனநோய் என்று ஒன்று கிடையவே கிடையாதாம்.
உப்பேறிய உடம்புதான் ஆட்டம் போடுமாம்.
உப்பை விடு, மாத்திரையை விடு,
இருபத்தோரு நாள் போதும்.
நாலு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.
நல்ல குரல், ஒத்துக்கொள்ள வேண்டும்.
அவசரமே இல்லாத குரல்.

பகலெல்லாம் முழங்கால் மட்டும் உப்பில் நிற்பவள்
கஞ்சியில் ஒரு கல் போடவில்லை.
கருவாட்டுச் சட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை.
பதினாலு நாள்
வேர்த்ததெல்லாம் பாத்தியில் இறங்கியது,
உள்ளே எதுவும் போகவில்லை.

மாத்திரையை மட்டும் விடவில்லையாம்.
"நீங்க கோவிச்சுக்குவீகன்னு
ராத்திரி ஒளிச்சு வச்சுத் தின்னுருக்கா.
இப்ப வாருபலகையப் பிடிக்க முடியல, கை உதறுது.
நின்னா சாயுறா. ஒரே வாந்தி.
முழுசா நிறுத்தாதவுகளுக்கு இப்படித்தான் ஆகும்னு
அந்தாளு முன்னாடியே சொல்லிருக்கான்."

இரண்டு பேரை நம்பியிருக்கிறாள்.
அதுதான் அவள் செய்தது.
உடம்பில் உப்பு குறைந்தால்
சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்,
வேறு உப்பு கிடைக்காதவன் கஞ்சத்தனத்தோடு.
இதை நான் அவளிடம் சொல்லியிருந்தேனா?
சீட்டில் எழுதியிருந்தேன். இங்கிலீஷில்.

முகாம் ஜீப்பில் ஏற்றினோம்.
ஏர்வாடி முக்கில் கூட்டம், கீழக்கரையில் ரயில்வே கேட் இல்லாததற்கு
முதல் முறையாகச் சந்தோஷப்பட்டேன்.
ராமநாதபுரத்தில் ஊசி ஏற்றித் தொங்கவிட்ட பாட்டிலில்
இருந்ததும் உப்புத் தண்ணீர்தான்.

அன்று சாயங்காலம் மருந்தாளுநர் ஜெய்லானி போனைப் பிடிக்க
நானும் பேசினேன்.
ஆறு தடவை. இரண்டு தடவை காற்று, ஒரு தடவை ஆம்புலன்ஸ்.
"ரத்தத்தில் அளவு பார்த்துக்கொண்டால்
பெரும்பாலும் பயமில்லை" என்ற இடத்தில்
ஜெய்லானி நிறுத்தினான்.
"அந்தப் பெரும்பாலும் வேணாம் டாக்டர், ஆளுக ஓடிருவாக."
பதினோரு வருஷத்தில்
நான் ஒழுங்காகக் கற்றது அந்த ஒரு சொல்தான்.
இருக்கட்டும் என்றேன்.

முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள்.
அதில் ஒன்பது நான்.

நாலாம் நாள் வார்டில் அவளிடம் போட்டுக் காட்டினேன்.
கை நின்றிருந்தது. முழுதாகப் பார்த்தாள்.
"என்னமோ பஸ்ஸு போயிரும்ங்கிற மாதிரி பேசுறீக.
அந்தாளு நிறுத்தி நிறுத்திச் சொல்லுவான்,
நம்மகிட்டயே சொல்ற மாதிரி."
பிறகு தட்டைத் தள்ளினாள்.
"ஆசுபத்திரிக் கஞ்சி சப்புனு இருக்கு.
ஊறுகா திங்கலாமா, இல்ல அதுக்கும் வீடியோ இருக்கா?"

தின்னலாம் என்றேன்.
மெதுவாக, நிறுத்திச் சொன்னேன்.