காற்றுக் குழாய்

யங்ஸ்டவுனில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்
புல்லுக்கு மேலே முழ உயரம்
நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் இரும்புக் குழாய்.
நுனியில் தகரத் தொப்பி. தொப்பியில் குருவி எச்சம்.
உலகம் முடிந்தபிறகு அதற்குக் கீழேதான்
நாங்கள் நால்வரும் பதினான்கு நாள்
வாழ்வதாக இருந்தது.

அறுபத்தொன்றில் அப்பா தோண்டினார்.
இரவில் உருக்காலை, பகலில் மண்வெட்டி.
நீச்சல்குளமா எமில் என்று பக்கத்து வீட்டார் கேட்டபோது
ஆமாம் என்றார்.
டெனிஸுக்குப் பதினொன்று, வாளியில் மண் சுமந்தான்.
எனக்கு ஒன்பது, டப்பாக்கள் என் பொறுப்பு:
பீன்ஸ் அறுபது, பீச் பழம் நாற்பத்திரண்டு.
ஒவ்வொன்றின் மேலும் வருஷத்தை எழுதச் சொன்னார்.
அழகாக எழுது என்றார்.
கடைசியாக ஒரு சீட்டுக்கட்டும் இறங்கியது.
"குண்டு விழும்போது ரம்மியா?"
அம்மா சிரித்தது அந்தக் குழிக்குள்
ரொம்ப நேரம் சுற்றிக்கொண்டிருந்தது.

ரஷ்யாக்காரன் வரவில்லை.
மழைத்தண்ணீர் வந்தது. மரவட்டை வந்தது.
எட்டு வருஷம் கழித்து டெனிஸ் வந்தான்,
தோளில் புரளும் தலைமயிரோடு,
யாரிடமோ இரவல் வாங்கிய
சைக்ளோஸ்டைல் யந்திரத்தோடு.

அது டிசம்பர் முதல் தேதி, திங்கள்.
டிவியில் கண்ணாடி ஜாடிக்குள் கைவிட்டு
பிறந்தநாள்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.
எங்கள் வீட்டுப் பிறந்தநாள் இருபத்தேழாவதாக வந்தது.
அம்மா எழுந்துபோய்
துடைத்த அடுப்பை மறுபடி துடைத்தாள்.
நான் போகவில்லையா என்றார் அப்பா.
போனீர்கள், அங்கே என்ன நடந்தது என்றான் டெனிஸ்.
அப்பாவின் போரில் எப்போதும் சாக்லேட்தான் உண்டு.
சாக்லேட்டும், நொண்டிக் கழுதை ஒன்றும்.
அன்றைக்குக் கழுதைகூட வரவில்லை.

கீழே போய்த் தாழிட்டுக்கொண்டோம்.
நான் கைப்பிடியைச் சுற்ற, அவன் தாள் வைக்க,
நடுநடுவே மை விரலால் பீச் துண்டுகள்.
உலக முடிவுக்கென்று வைத்ததைத்
திங்கட்கிழமையே தின்றுகொண்டிருந்தோம்.

குழாய் பேசியது.
"டெனிஸ்."
அடுத்தது கதவைத் திற என்றுதான் இருக்கும்.
இல்லை.
ஜெர்மனியில் ஓர் ஊர், பெயர் மறந்துபோச்சு என்றார்.
பிறகு பெயரைச் சொன்னார்.
ஒரு வீட்டின் நிலவறை. வெளியே வா என்று கத்தினோம்,
எனக்குத் தெரிந்த ஜெர்மன் அவ்வளவுதான்.
பதில் இல்லை. எறிந்தேன்.
அப்புறம் டார்ச்சோடு இறங்கினேன்.
அலமாரியில் பழப்பாகு பாட்டில்கள்,
பாதி உடையாமல்.
ஒவ்வொன்றிலும் வருஷம் எழுதி ஒட்டியிருந்தது.
அழகான கையெழுத்து.

குழாய் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் விட்டது.
அலமாரியைத்தான் சொன்னார்.
தரையைச் சொல்லவில்லை.
என் கை கைப்பிடியில் நின்றிருந்தது.
எதிரே நாற்பது டப்பாக்களில்
என் ஒன்பது வயது எழுத்து.

இதனால் எதுவும் மாறிவிடவில்லை.
மார்ச்சில் பஃபலோ பாலம் தாண்டி
டெனிஸ் கனடா போய்விட்டான்.
ஏழு வருஷம் அவன் பெயரை அப்பா உச்சரிக்கவில்லை.
யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது அம்மாவுக்கே தெரியாது.
எழுபத்தேழில் ஆலையை மூடப்போவதாகச் சொன்னார்கள்,
அதுவும் ஒரு திங்கட்கிழமை.

ஆனால் அந்த இரவு
நாங்கள் தாழை நீக்கி மேலே வந்தபோது
அப்பா குழாயருகே பனியில் மண்டியிட்டிருந்தார்.
எழுந்தார். கையை நீட்டி ஒரு தாளை வாங்கினார்.
டார்ச் வெளிச்சத்தில் உதடு அசைய
முதலிலிருந்து கடைசிவரை படித்தார்.

"மனசாட்சியில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கு."

டெனிஸ் எட்டிப் பார்த்தான். அவன் காது சிவந்தது.

"எல்லாத் தாளிலுமா?"

"ஒரே ஸ்டென்சில்தானே அப்பா. முன்னூறிலும்."

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
ஷிப்டுக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.