இதர வருமானம்

கொளத்தூர் கிளையில் பாஸ்புக் மெஷின்
இரண்டு முறை துப்பிவிட்டு
மூன்றாவதில் அச்சடித்தது.

மார்ச் பென்ஷன் ஏப்ரலில் விழும்,
அதனால் பிப்ரவரியோடு முடியுங்கள் என்றான்
ஆடிட்டர் ஆபீஸ் பையன்.
அகவிலைப்படி நிலுவையைத் தனியே கூட்டினேன்.

செப்டம்பர் வரை தில்லைநாயகியின் வருமானம்.
ஓய்வூதியமும் சம்பளம்தானாம், சட்டத்தில்.
அக்டோபரில் ஒன்பது நாள்.
மிச்ச இருபத்திரண்டு நாளை
வங்கியே திரும்ப எடுத்துக்கொண்டது,
பைசா பிசகாமல்.

பத்தாம் தேதியிலிருந்து என் பெயர்,
பாதிக்குச் சற்று மேல்.
இது சம்பளமில்லையாம்.
படிவத்தில் ‘இதர வருமானம்’,
வட்டிக்கும் லாட்டரிப் பரிசுக்கும் பக்கத்தில்.

வரி ஒன்றும் இல்லை;
இருந்தாலும் அவளுக்கு ஒரு ரிட்டர்ன், எனக்கு ஒன்று.
கூட்டுக் கணக்கின் ஓடிபி
இன்னமும் அவள் போனுக்குத்தான் வருகிறது.
ராத்திரி மறக்காமல்
சார்ஜில் போடுகிறேன்.